பெயர் நின்றது, பொருள் பெயர்ந்தது: தோல் நமைச்சலுக்கான இரு சீனக் கூட்டு மருந்துகளின் வரலாறு

முன்னுரை

மருத்துவ நூல் ஒன்றில் ஒரு கூட்டு மருந்து எழுதப்படும்பொழுது மூன்று செய்திகள் ஒருங்கே பதிவாகின்றன. இன்ன நோய்க்கு உரியது என்பது ஒன்று. இன்ன சரக்குகள் சேரும் என்பது மற்றொன்று. இன்ன அளவில், இன்ன முறையில் ஆக்கிக் கொள்ளவேண்டும் என்பது மூன்றாவது. ஏடு அழியாதிருக்கும் வரை இம்மூன்றும் மாறாமல் நிற்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஏட்டில் நிலைப்பவை பெயர்கள் மட்டுமே. அப்பெயர் சுட்டும் நோயும், அப்பெயர் சுட்டும் மூலிகையும் காலந்தோறும் இடந்தோறும் வேறுபடக்கூடும். அவ்வேறுபாடு சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும் என்பதற்குச் சீன மருத்துவ வரலாறு தெளிவான சான்று தருகிறது.

தோல் வறட்சி, ஓயாத நமைச்சல், கரப்பான் ஆகியவற்றுக்குச் சீன மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கூட்டு மருந்துகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று தாங்குயி யின்ட்ஸு. மற்றொன்று சியாவ் ஃபெங் சான். முன்னது 13-ஆம் நூற்றாண்டிலும் பின்னது 17-ஆம் நூற்றாண்டிலும் நூலேறியவை. இவ்விரண்டும் நூலில் பிறந்த நாள்தொட்டு 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மருத்துவமனைகளின் ஆய்வுக்கு இவ்வகை மருந்துகள் உட்பட்ட நாள்வரை நிகழ்ந்தவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நமைச்சல் பற்றிய சீனக் கொள்கை

சீன மருத்துவம் நமைச்சலை ‘ஃபெங்’ என்னும் காற்றின் செயலாகக் கருதுகிறது. காற்று ஓரிடத்தில் நில்லாது. திடீரென எழும், திடீரென அடங்கும். நமைச்சலும் தடிப்பும் அவ்வாறே உடலில் இடம் மாறித் தோன்றி மறைவதால் அவற்றைக் காற்றோடு இணைத்தனர். இக்காற்று வெளியிலிருந்தும் புகலாம், உடலினுள்ளும் தோன்றலாம். உள்ளே தோன்றுவதற்குக் குருதிக் குறைவே காரணம் என்பது அவர்தம் கொள்கை. குருதி குறைந்தால் தோலுக்கு ஈரமும் ஊட்டமும் கிட்டா, தோல் உலரும், உலர்ந்த இடத்தில் காற்று எழும். ஆகவே காற்றை ஓட்ட விரும்புவோர் முதலில் குருதியைப் பேணவேண்டும், குருதி நன்கு ஓடினால் காற்று தானே தணியும் என்ற நெறி மருத்துவரிடையே வழங்கியது. இதனை நம் மருத்துவத்தின் வாதக் கொள்கையோடு ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது. சொற்பொருளில் ஒப்புமை உண்டெனினும் இரண்டும் தனித்தனி அமைப்புகளைச் சார்ந்தவை.

கூட்டு மருந்தின் அமைப்பை அரசவையின் அமைப்போடு ஒப்பிட்டு விளக்குவது சீன மரபு. தலைமைச் சரக்கு அரசன். அதற்கு வலுவூட்டுவது அமைச்சன். துணை நிற்பது உதவியாளன். மருந்தை உரிய இடத்திற்குக் கொண்டுசெல்வது தூதன். எனவே, அளவில் சிறிதாயினும் ஒவ்வொரு சரக்கிற்கும் ஒரு கடமை உண்டு. ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பது அவையில் ஆளை மாற்றுவது போன்றது. இக்கருத்து பின்னர் வரும் செய்திகளை விளங்கிக்கொள்ளத் துணைசெய்யும்.

தாங்குயி யின்ட்ஸு

சாங் அரசு 1076-இல் தலைநகர் கைஃபெங்கில் அரசு மருந்தகம் ஒன்றை நிறுவியது. ஆக்கிய மருந்துகள் அங்கு விற்கப்பட்டன. அவற்றின் செய்முறைகள் தொகுக்கப்பட்டு நூலாயின. மருந்துமுறைகளை ஒழுங்குபடுத்தி எழுதும் வழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. இச்சூழலின் பிற்பகுதியில், தென் சாங் ஆட்சியில், யான் யோங்ஹ என்னும் மருத்துவர் 1253-இல் ‘ஜிஷெங் ஃபாங்’ என்னும் நூலை இயற்றினார். ‘உயிர் காக்கும் மருந்துமுறைகள்’ என இப்பெயரைத் தமிழாக்கலாம். மூலநூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்காலத் தொகுப்புகளில் சிதறிக் கிடந்த பகுதிகளிலிருந்தே அது மீட்டமைக்கப்பட்டது.

இந்நூலில் இடம்பெறும் தாங்குயி யின்ட்ஸு பத்துச் சரக்குகளைக் கொண்டது. தாங்குயி, வெண் பியோனி வேர், சுவான்சியோங், பச்சைத் தீஹுவாங், நெருஞ்சில், ஃபாங்ஃபெங், ஜிங்ஜியே ஆகிய ஏழும் ஒவ்வொரு லியாங். ஹ ஷோ வூ, ஹுவாங்ச்சி, அதிமதுரம் ஆகிய மூன்றும் அரை லியாங். இவற்றை ஒன்றிரண்டாக இடித்து, இஞ்சித் துண்டுகளோடு நீரில் காய்ச்சி வற்றவைத்துப் பருகவேண்டும். ‘யின்ட்ஸு’ என்பதற்குப் பருகுநீர் என்பது பொருள். நம் மருத்துவ வழக்கில் இது ‘குடிநீர்’ வகையைச் சார்ந்தது.

இதன் அமைப்பு மேற்கூறிய கொள்கையை அப்படியே காட்டுகிறது. முதல் நான்கும் சேர்ந்து ‘நான்கு பொருட் குடிநீர்’ என்னும் பழைய குருதி வளர்ப்பு மருந்தாகும். ஹ ஷோ வூ அதற்குத் துணை நிற்கிறது. நெருஞ்சில், ஃபாங்ஃபெங், ஜிங்ஜியே மூன்றும் காற்றை ஓட்டுவன. ‘ஃபாங்ஃபெங்’ என்ற பெயருக்கே காற்றைத் தடுப்பது என்பதுதான் பொருள். ஹுவாங்ச்சி உடலின் மேற்பரப்பை உறுதியாக்கும். அதிமதுரம் அனைத்தையும் இணக்கும். நெருஞ்சிலும் அதிமதுரமும் தமிழ் மருத்துவ வாசகர்க்கு நன்கு அறிமுகமானவை என்பது கருதத்தக்கது.

யான் யோங்ஹ இம்மருந்தை எந்நோய்க்கு எழுதினார் என்பது இங்கு முதன்மையான வினா. குருதித் தேக்கமும் உள் வெப்பமும் காரணமாகத் தோலில் எழும் சொறி சிரங்கு, வீக்கம், நமைச்சல், சீழ் வடிதல், செந்நிறத் தடிப்பு ஆகியவற்றுக்கே அவர் இதனை விதித்தார். இன்றோ சீனத்திலும் ஜப்பானிலும் இது பெரும்பாலும் முதியோர்க்குக் குளிர்காலத்தில் வரும் வறண்ட நமைச்சலுக்கும், சிவப்போ கசிவோ மிகுதியாக இல்லாத நாட்பட்ட கரப்பானுக்கும் தரப்படுகிறது. சீழ் வடியும் புண்ணுக்கு எழுதப்பட்ட மருந்து, நீரற்ற தோலுக்கு உரியதாயிற்று. சரக்குப் பட்டியல் மாறவில்லை. அதனைப் படித்த கண் மாறியது. குருதியை வளர்க்கும் சரக்குகள் இதில் மிகுந்திருப்பதைக் கண்ட பிற்கால மருத்துவர்கள், கொள்கையின் வழிநின்று இதற்குப் புதிய இடம் வகுத்தனர் எனலாம். முதற் பெயர்வு இதுவாகும். இது நோயின் பெயர்வு.

சியாவ் ஃபெங் சான்

மிங் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த சென் ஷிகோங் (1555-1636) புற மருத்துவத்தில் புகழ்பெற்றவர். அவர் 1617-இல் வெளியிட்ட ‘வாய்க ஜெங்சோங்’ என்னும் நூலில் சியாவ் ஃபெங் சான் இடம்பெறுகிறது. ‘காற்றைக் கலைக்கும் சூரணம்’ என்பது பெயரின் பொருள். இப்பெயரிலேயே சாங் அரசு மருந்தகத் தொகுப்பிலும் ஒரு மருந்து உண்டு; அது வேறு சரக்குகளால் ஆனது. பெயர் ஒன்றாயினும் மருந்து வேறு என்பதற்கு இதுவே ஓர் எடுத்துக்காட்டு. சூரணம் என்று பெயர் பெற்றிருந்தும் சென் ஷிகோங் இதனைக் குடிநீராகவே காய்ச்சிப் பருகச் சொல்கிறார் என்பதும் நோக்கத்தக்கது.

இம்மருந்தில் பதின்மூன்று சரக்குகள் உள்ளன. தாங்குயி, தீஹுவாங், ஃபாங்ஃபெங், ஜிங்ஜியே ஆகியவை முன்னைய மருந்திலும் இருந்தவை. அவற்றோடு சில்வண்டு கழற்றிய சட்டை, ஜீமூ, குஷென், ஹூமா, சாங்ஜூ, நியூபாங் விதை, ஜிப்சம் ஆகியன சேர்கின்றன. இப்பதினொன்றும் ஒவ்வொரு ச்சியன் அளவு. அதிமதுரமும் மூதோங்கும் மட்டும் அரை ச்சியன். அக்கால ச்சியன் ஏறத்தாழ 3.7 கிராம் எனக் கொண்டால் மூதோங்கின் அளவு 2 கிராமுக்கும் குறைவு. சிவந்து, கசிந்து, இடம்மாறித் தோன்றும் தடிப்புக்கு இம்மருந்து உரியது. காற்றோடு ஈரமும் வெப்பமும் கூடியிருப்பதால் அவ்விரண்டையும் சிறுநீர் வழியே வெளியேற்றும் பணி மூதோங்குக்கு அளிக்கப்பட்டது.

ஹூமா என்னும் சொல் தனியே கருதத்தக்கது. ‘ஹூ’ என்பது சீனர்க்கு வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த அயல்நாட்டாரைக் குறிக்கும். ஹூமா என்பது பழைய நூல்களில் எள்ளைச் சுட்டியது. ஆனால் ஆளிவிதையும் அதே பெயரால் பல பகுதிகளில் வழங்குகிறது. மருந்தைக் கட்டுபவர் எள்ளை எடுப்பதும் ஆளியை எடுப்பதும் அவர் பயின்ற மரபையும் அவர் வாழும் பகுதியையும் பொறுத்தது. இரண்டும் எண்ணெய்ப் பசையுள்ள உணவு வித்துகளாதலின் இம்மாற்றத்தால் கேடு விளையவில்லை. மூதோங்கின் நிலை அத்தகையதன்று.

மூதோங் என்னும் பலபொருள் ஒருசொல்

மூதோங் என்பதில் ‘மூ’ மரம். ‘தோங்’ ஊடுருவிச் செல்லுதல். கொடியின் தண்டைக் குறுக்கே வெட்டினால் நுண்துளைகள் காணப்படும். துளைவழிக் காற்றும் நீரும் செல்வதுபோல் உடலின் அடைப்பையும் இது திறக்கும் என்ற கருத்தில் இப்பெயர் அமைந்தது. பழைய நூல்கள் கூறும் மூதோங், அகேபியா என்னும் கொடி என்பது அறிஞர் துணிபு. காலப்போக்கில் கிளமாட்டிஸ் இனக் கொடியும் இப்பெயரைப் பெற்றது. அது சுவான் மூதோங், அதாவது சிச்சுவான் மூதோங் எனப்பட்டது. மூன்றாவதாக, வடகிழக்குச் சீனத்தில் விளையும் அரிஸ்டலோகியா மஞ்சூரியென்சிஸ் என்னும் கொடியும் அப்பெயருக்கு உரியதாயிற்று. கணவாய்க்கு அப்பாலிருந்து வருவது என்ற பொருளில் அதனைக் குவான் மூதோங் என்றனர். 20-ஆம் நூற்றாண்டில் சந்தையில் மிகுதியாகக் கிடைத்தது இம்மூன்றாவது கொடியே.

மூன்றும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சார்ந்தவை. ஆயினும் உலர்த்தி வட்டமாகச் சீவியபின் மூன்றிலும் துளைகள் தெரியும். கடைக்காரர் கண்ணுக்கு மூன்றும் மூதோங்கே. சீன மக்கள் குடியரசின் மருந்தியல் தொகை நூலின் 1963-ஆம் ஆண்டுப் பதிப்பில் குவான் மூதோங் இடம்பெற்றது. அதன்பின் அது பிழை வழக்கு என்னும் நிலையிலிருந்து முறையான சரக்கு என்னும் நிலைக்கு உயர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1964-இல், மூதோங்கை மிகுதியாக உட்கொண்ட இருவர்க்குச் சிறுநீரகம் செயலிழந்ததாகச் சீன மருத்துவ இதழ் ஒன்று அறிவித்தது. அவ்வறிவிப்பு மருந்தியல் நூலை மாற்றும் வலிமை பெறவில்லை. இரண்டாம் பெயர்வு இதுவாகும். இது சரக்கின் பெயர்வு.

இலண்டனில் நடந்தவை

1980-களில் இலண்டன் சைனாடவுனில் சீன மருத்துவர் ஒருவரிடம் குடிநீர் மருந்து பெற்ற கரப்பான் நோயுற்ற குழந்தைகள் சிலர் வியக்கத்தக்க நலம் பெற்றதைத் தோல் மருத்துவர்கள் கவனித்தனர். கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையின் டேவிட் அதர்டன், மேரி ஷீஹன் முதலியோர் இதனை முறையாகச் சோதிக்க முற்பட்டனர். சீன மருத்துவர் நோயாளிக்கு நோயாளி மருந்தை மாற்றிக் கொடுப்பார். ஆய்வுக்கோ ஒரே கூட்டு தேவை. எனவே பத்து மூலிகைகள் கொண்ட நிலையான கூட்டு ஒன்று உருவாக்கப்பட்டது. அது பின்னர் சீமாஃபைட் எனப் பெயர் பெற்றது. ஃபாங்ஃபெங், ஜிங்ஜியே, தீஹுவாங், நெருஞ்சில், அதிமதுரம் ஆகிய ஐந்தும் தாங்குயி யின்ட்ஸுவிலும் இதிலும் பொதுவாக அமைந்துள்ளமை, 1253-ஆம் ஆண்டு மரபு எவ்வளவு தொலைவு பயணம் செய்தது என்பதைக் காட்டுகிறது.

1992-இல் வெளிவந்த ஆய்வுகளில், சுவையில் ஒத்த மருந்தற்ற போலிக் குடிநீரோடு ஒப்பிடுகையில் இக்கூட்டு குழந்தைகளிடத்தும் பெரியவர்களிடத்தும் தெளிவான பயன் தந்தது. பெரியவர்க்கான ஆய்வில் நாற்பதின்மர் சேர்க்கப்பட்டனர். முப்பத்தொருவர் இறுதிவரை நின்றனர். ஆனால் 1999-இல் ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடையே நடந்த ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை. 2013-இல் காக்ரேன் நிறுவனம் 28 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. 2306 பேர் பங்கேற்ற அவ்வாய்வுகளின் தரம் குறைவாயிருந்தமையால் சீன மூலிகைகள் கரப்பானின் கடுமையைக் குறைக்கும் என உறுதியாகக் கூற இயலாது என்ற முடிவுக்கு அது வந்தது.

முதல் ஆய்வுகள் தந்த புகழால் பிரித்தானியாவில் சீன மூலிகைக் கடைகளை நாடிச் சென்றோர் பெருகினர். ஆனால் ஆய்வில் தரப்பட்டது சரக்கும் அளவும் வரையறுக்கப்பட்ட கூட்டு; கடையில் கிடைத்ததற்கு அவ்வுறுதி இல்லை. பெயர் மட்டுமே பொதுவாயிருந்தது. 1999-இல் இதன் விளைவுகள் வெளிப்பட்டன. கரப்பானுக்குச் சீன மூலிகை உட்கொண்ட இரு பெண்களின் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்ததை லான்செட் இதழ் பதிவுசெய்தது. அவர்கள் உட்கொண்டவற்றில் அரிஸ்டலோகிக் அமிலம் இருந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தோல் நோய்க்கெனத் தரப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளுள் எட்டில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததைக் காட்டியது. முன்னது பெயர் மயக்கத்தால் நேரக்கூடிய கேடு. பின்னது அறிந்தே செய்த கலப்படம். இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. எனினும் இரண்டிலும் ஏமாந்தவர் நோயாளியே.

சிறுநீரகக் கேடு பற்றிய எச்சரிக்கை இலண்டனுக்கு முன்னரே பிரசல்ஸிலிருந்து வந்திருந்தது. அங்கு உடல் மெலிவுக்கான மருந்துகளை உட்கொண்ட பெண்களிடம் விரைந்து முற்றும் சிறுநீரக நோய் காணப்பட்டதை 1993-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். ஃபாங்ஜி என்னும் பெயரால் வழங்கும் இரு வேறு மூலிகைகளுள் ஸ்டெஃபானியாவுக்கு மாற்றாக அரிஸ்டலோகியா சேர்ந்ததே காரணம். அங்கும் ஒரு பெயர், இரு பொருள். இந்நோயாளிகளுள் சிறுநீரகம் செயலிழந்து, அவ்வுறுப்புகளையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிக்கொள்ள உடன்பட்ட 39 பேருள் 18 பேரிடம் புற்றுநோய் இருந்ததாக 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது. அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல்களை அழிப்பதோடு உயிரணுவின் டி.என்.ஏ.வோடு பிணைந்து அதனைத் திரிக்கிறது. மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் புற்று தோன்றுவதற்கு அதுவே காரணம்.

பிரித்தானியா 1999-இல் அரிஸ்டலோகியாவைத் தற்காலிகமாகவும் 2001-இல் நிலையாகவும் தடைசெய்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இவ்வினத் தாவரங்கள் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகைப்படுத்தியது. சீன அரசு 2003-இல் குவான் மூதோங்குக்குரிய தர ஏற்பை நீக்கியது. 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் அகேபியா மூதோங் மீண்டும் இடம்பெற்றது. ஜப்பானிய மருந்தியல் நூலோ மூதோங் என்பதற்கு அகேபியாவையே வரையறுத்திருந்தது. 1617-ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரே பட்டியல் இரு நாடுகளில் இருவேறு மருந்துகளானது இவ்வாறுதான்.

தாங்குயி யின்ட்ஸுவும் வினாக்களுக்கு அப்பாற்பட்டதன்று. அதில் சேரும் ஹ ஷோ வூ கல்லீரலுக்கு ஊறு செய்யக்கூடும் எனப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இலும், சீன மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இலும் எச்சரித்தன. இங்கு பெயர் மயக்கம் இல்லை, சரக்கு உரியதே. எனவே எல்லாக் கேட்டையும் ‘தவறான மூலிகை’ என்ற ஒரே காரணத்தில் அடக்கி, மரபைக் குற்றமற்றதாகக் காட்டுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. தலைமைச் சரக்காகிய தாங்குயியிலும் வேறுபாடு உண்டு. சீனத்தில் ஆஞ்செலிகா சினென்சிஸ். ஜப்பானில் ஆஞ்செலிகா அக்குட்டிலோபா.

சென் ஷிகோங் வகுத்த நெறி

சென் ஷிகோங்கின் நூலில் மருந்துமுறைகள் மட்டுமன்றி மருத்துவர்க்குரிய ஐந்து விலக்குகளும் பத்துக் கடப்பாடுகளும் கூறப்பட்டுள்ளன. மருத்துவ அறவியல் வரலாற்றில் அவை பெரிதும் எடுத்துப் பேசப்படுபவை. சரக்குகளை நன்கு தேர்ந்து வாங்கவேண்டும், நூல்வழிச் சுத்தி செய்யவேண்டும், நோய்க்கேற்ப அளவைக் கூட்டியும் குறைத்தும் தரவேண்டும் என்பது அப்பத்தனுள் ஒன்று. சரக்கைத் தேர்வது மருத்துவரின் பொறுப்பு என்பதே அவர் கருத்து. மருத்துவர் வேறு, சரக்குக் கடைக்காரர் வேறு, இறக்குமதியாளர் வேறு எனப் பொறுப்பு பிரிந்தபின் பட்டியல் மட்டும் எஞ்சியது. அறநெறி நூலிலேயே நிற்க, செய்முறை மட்டும் பெயர்த்தெழுதப்பட்டுக் கடல் கடந்தது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஒரு கூட்டு மருந்தின் தொன்மை அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பது பெறப்படும். எழுநூறு ஆண்டுப் பயன்பாடு என்று நாம் கூறும்பொழுது, எந்நோய்க்கு, எச்சரக்கைக் கொண்டு என்ற இரு வினாக்களுக்கும் விடை கண்டாலன்றி அக்கூற்று பொருளுடையதாகாது. தாங்குயி யின்ட்ஸுவில் பெயர்ந்தது நோய். சியாவ் ஃபெங் சானில் பெயர்ந்தது சரக்கு.

இவ்வரலாறு நமக்கும் தொலைவிலுள்ளதன்று. தோல் நோய்க்கு நம் நாட்டு மருத்துவத்தில் வழங்கும் ஆடுதின்னாப்பாளையும், பெருமருந்து எனப்படும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டலோகியா இனத்தைச் சார்ந்தவை. அவற்றிலும் அரிஸ்டலோகிக் அமிலம் உண்டு. நிகண்டுகள் ஒரு மூலிகைக்குப் பல பெயரும், பல மூலிகைக்கு ஒரு பெயரும் தருகின்றன. செய்யுளின் சீரும் எதுகையும் வேண்டிப் பெயர் மாறிய இடங்களும் உண்டு. ஆகவே மருத்துவச் சுவடியைப் பதிப்பிப்போர் சொல்லுக்குப் பாடவேறுபாடு காட்டுவதோடு அமையாது, சொல் சுட்டும் தாவரத்தையும் உரியவரைக் கொண்டு தெளிவித்தல் கடன். இலக்கியச் சுவடியில் ஒரு சொல்லைப் பிழைபடக் கொண்டால் பொருள் கெடும். மருத்துவச் சுவடியில் உயிர் கெடும்.